கமா போட்ட ஐந்து விண்ணப்பங்கள்

எங்கள் தொழிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கதை புரியாது.

மன்றத்தில் உறுப்பினர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, தட்டச்சு செய்து, அவைக்குறிப்பாக்குவது எங்கள் வேலை. அவைத்தலைவரின் இருக்கைக்குக் கீழே ஒரு மேசை இருக்கும். முன்னூறு பேர் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருப்போம், ஒருவர் கண்ணிலும் படமாட்டோம். மொத்தம் எட்டுப் பேர். ஒருவருக்குப் பத்து நிமிடம். பத்தாவது நிமிடம் தொடங்கும்போது அடுத்தவர் பூனை மாதிரி வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவார். கடிகார முள் தொட்டதும் முதல் ஆள் எழுந்து, நாற்காலி சத்தம் போடாமல், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட வேண்டும். அமைச்சர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் போய்விட வேண்டும். மீதி வாக்கியம் அடுத்தவர் பாடு. வெளியே வந்து எழுதியதைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் மறுபடி நம் முறை வந்துவிடும்.

எனக்கு முந்தைய பத்து நிமிடம் கமாவுடையது. பன்னிரண்டு வருடங்களாக அவள் எழுந்த நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். தட்டச்சு அறையிலும் எதிரெதிர் மேசைதான். கமா என்பது அவள் பெயரில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மூச்சே விடாமல் பேசும் ஒரு உறுப்பினர் அவள் முறையில் வந்து மாட்டினார். பத்து நிமிடத்தில் மனிதர் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. இவளும் முற்றுப்புள்ளியே வைக்காமல் நூற்றுப் பன்னிரண்டு கமா போட்டு அதை ஒரே வாக்கியமாக நிற்க வைத்துவிட்டாள். எங்கள் மேலதிகாரி வேலை மெனக்கெட்டு எண்ணிப் பார்த்தார். அன்றிலிருந்து கமா.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. பள்ளிப்படிப்பு முடிந்ததும் தட்டச்சு நிலையத்தில் சேர்ந்தவள். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வேலைக்கு வந்த பிறகு அஞ்சல் வழியில் அரசியல் அறிவியலில் இளங்கலை படித்தாள், பிறகு முதுகலையும் படித்தாள். பாடப் புத்தகம் எப்போதும் அவள் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கும். எதற்கடி இந்த வயதில் என்று நான் ஒருமுறை கேட்டபோது, "சும்மாதான்க்கா, காதுல விழுறது என்னன்னு தெரிஞ்சுக்கலாம்னு" என்றாள். அது சும்மா இல்லை என்பது, அவள் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

ஐந்து பல்கலைக்கழகங்கள், ஐந்து விண்ணப்பங்கள். அந்த நான்கு மாதங்களும் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. விண்ணப்பம் போட்டவள் அவள், அவதிப்பட்டது எதிர் மேசை.

முதலில் அவள் செய்தது ஒவ்வொரு துறையின் இணையப் பக்கத்துக்கும் போய், அங்கே இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களின் படத்தையும் படிப்பையும் பார்த்தது. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டுவாள்.

"இந்தப் பொண்ணைப் பாருங்கக்கா. இருபத்தஞ்சு வயசு. மூணு கட்டுரை வந்திருக்கு. நாலு நாட்டுல பேசியிருக்கா."

"நீ எத்தனை அமைச்சருக்குப் பேசத் தெரியாததைப் பேச வச்சிருக்க. சாப்பிடு."

சாப்பிட மாட்டாள். டப்பாவை மூடி வைத்துவிட்டு அடுத்த ஆளைத் தேடுவாள். கழுத்தில் அரிப்பு வந்தது. மருத்துவர் சோப்பை மாற்றச் சொன்னார். மாற்றியும் போகவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம். ஆசிரியர், ஆய்வாளர், மாணவர், அரசு அதிகாரி என்று நான்கைந்து கொடுத்து, எல்லாவற்றுக்கும் கீழே 'மற்றவை' என்று வைத்திருந்தார்கள். அவள் 'மற்றவை'யை அழுத்திவிட்டு, "பார்த்தீங்களா, எனக்குன்னு ஒரு வரி கூட இல்லை" என்றாள். பரிந்துரைக் கடிதம் கேட்டபோது, அஞ்சல் வழிப் படிப்பின் ஆசிரியர் ஒருவர், அவளை நேரில் பார்த்ததே இல்லாதவர், "இவரது கையெழுத்து மிகத் தெளிவானது" என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை பார்ப்பாள். 'பெறப்பட்டது' என்று முப்பது தடவையும் இருக்கும்.

ஒரு நாள் குடிநீர்த் துறை அமைச்சரின் பதிலைத் தட்டச்சு செய்து கொடுத்திருந்தாள். மேலதிகாரி தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, 'என் பின்னணி வழக்கமானது இல்லை என்பதை நான் அறிவேன்'னு அமைச்சர் எப்போ சொன்னாரு?"

அவள் விண்ணப்பத்துக்கு எழுதிப் பார்த்துக்கொண்டிருந்த வரி அது. நான் சிரித்துவிட்டேன். கமா சிரிக்கவில்லை. தாளை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் அரைமணி நேரம் வரவில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். அவள் மகளுக்குப் பதினேழு வயது, அவளும் அதே பருவத்தில் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ என்னைவிட மோசமா படபடக்கிற. நான் உன்னைப் பார்த்து பயப்படறதா, என் மார்க்கைப் பார்த்து பயப்படறதா?" என்று கேட்டாளாம். கணவர் பல் செட் செய்பவர். வீட்டின் முன்னறையில் சின்னப் பட்டறை. சாந்து, மெழுகு, தேய்க்கும் இயந்திரம், வரிசையாக ஊர்ப்பட்டவர்களின் வாய் அச்சு. அதிகம் பேசமாட்டார். பேசும் அளவுக்கு அந்த வீட்டில் இடம் மிச்சமிருந்ததில்லை.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

எதற்காக ஆராய்ச்சி செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். அதுதான் விண்ணப்பத்தின் உயிர் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கமா பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். "நீங்க பாருங்கக்கா. நல்லா இல்லாததை எல்லாம் எடுத்திடுங்க" என்றாள். திருத்துவதில் எனக்குப் பெயர் உண்டு. உறுப்பினர்களின் 'அதாவது'களையும் 'என்னன்னா'க்களையும் களைந்து, வழவழப்பாக்கித் தருவதில் இருபது வருட அனுபவம். பெருமையோடுதான் வாங்கிக்கொண்டேன்.

படிக்கத் தொடங்கியதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு பாலம் இடிந்ததைப் பற்றி எழுதியிருந்தாள். புதிதாக வந்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, தன் தொகுதியில் இடிந்த பாலத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறார். வாய் குழறுகிறது, புள்ளிவிவரம் மாறிப்போகிறது. அமைச்சர் பதில் சொல்ல எழுகிறார். அவரும் குழறுகிறார், அவருக்கும் புள்ளிவிவரம் மாறுகிறது. மறுநாள் அச்சில் பார்த்தால் அமைச்சர் தெளிவாகப் பேசியிருக்கிறார். உறுப்பினர் குழறியபடியே இருக்கிறார். 'அமைச்சர் தடுமாறினால் திருத்துவோம். யாரென்று தெரியாத உறுப்பினர் தடுமாறினால் தடுமாறியபடியே விட்டுவிடுவோம். அப்படிச் செய்யுங்கள் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. எட்டுப் பேரும் அப்படித்தான் செய்கிறோம். இது எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி' என்று எழுதியிருந்தாள்.

அந்த அமைச்சரின் பதிலை எடுத்தது நான். கமா என் பெயரைக் குறிப்பிடவில்லை. குறிப்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு பென்சிலை எடுத்தேன். பாலம் போயிற்று. எட்டுப் பேர் போனார்கள். தொழிலே போயிற்று. அந்த இடத்தில், 'சிறு வயது முதலே ஜனநாயக நிறுவனங்களின் மீது எனக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு' என்று தொடங்கும் நான்கு பக்கம் வந்தது. எந்த மேடையிலும் யாரும் பேசக்கூடிய நான்கு பக்கம். "ஆபீஸ் கதையெல்லாம் எதுக்கு? படிச்சவங்க பார்க்கிறது, கௌரவமா இருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்தாள். "நல்லாருக்குக்கா" என்றாள். அப்படியே ஐந்து இடத்துக்கும் அனுப்பினாள்.

கணவருக்கு வாசித்துக் காட்டினாளாம். அவர் தேய்த்துக்கொண்டிருந்த பல்லை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தபடி கேட்டுவிட்டு, "எல்லாப் பல்லும் வரிசையாத்தான் இருக்கு. யாரோட வாய்னுதான் தெரியலை" என்றாராம். கமா இதை எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். அன்று இரண்டு பக்கம் தப்பும் தவறுமாக அடித்தேன்.

முதல் மறுப்பு ஐந்து வாரத்தில் வந்தது. இரண்டாவது அதற்கு அடுத்த நாள். மூன்றாவது துறை ஒருபடி மேலே போய், விண்ணப்பித்தவர்களின் தரம் இந்த ஆண்டு மிக உயர்வாக இருந்ததாகச் சொல்லியிருந்தது. "அதாவது நான் இல்லாம உயர்வா இருந்துச்சு" என்றாள் கமா. நான்காவது வந்ததை எனக்குச் சொல்லவே இல்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாவது துறை மட்டும் எழுத்துத் தேர்வு வைக்கும். அதில் அவள் தேறிவிட்டாள். நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இது இல்லையென்றால் இனி போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். "தனியாப் போனா பாதி வழியில இறங்கி வந்துடுவேன். கூட வாங்கக்கா" என்றாள். அவள் கேட்டதற்காக மட்டும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்க என்னாலும் முடியவில்லை.

துறையின் நடைபாதையில் நீண்ட பெஞ்சு, தண்ணீர் இயந்திரம், பழைய கருத்தரங்குச் சுவரொட்டிகள். ஆறேழு பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் எங்கள் பிள்ளைகள் வயது. ஒருவன் இன்னொருத்தியிடம் முறையியல், முறையியல் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். கமா கைக்குட்டையைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் என்னைப் பார்த்து, "நீங்களும் விண்ணப்பிச்சிருக்கீங்களா மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டான். இல்லை தம்பி, நான் துணைக்கு வந்தேன் என்றேன்.

கமாவைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். கதவு மூடியது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கமா வெளியே வந்தாள். கைப்பிடியை மெல்லத் திருப்பி, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். தலை குனிந்திருந்தது. நேரே என்னிடம் வந்து, காதருகில் குனிந்து, முறை மாறும்போது நாங்கள் அடுத்தவரிடம் கிசுகிசுக்கும் அதே குரலில் சொன்னாள்.

"ரெண்டு பேர் மாத்தி மாத்திப் பேசுறாங்க. கண்ணாடி போட்டவர் இடது பக்கம். வாக்கியம் பாதியில நிக்குது. போங்க."

நான் எழுந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்துவிட்டேன். பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நான்கு எட்டில் கதவருகே போய்க் கைப்பிடியில் கையும் வைத்துவிட்டேன். முறையியல் பையன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது. திரும்பினேன். கமா பேயறைந்தவள் போல நின்றிருந்தாள்.

"அக்கா. நான் ஏன் வெளிய வந்தேன்?"

உள்ளே கடிகாரம் அவளுக்கு நேர் எதிரே இருந்திருக்கிறது. முதலில் கேட்ட கேள்விகளுக்கு நெட்டுரு போட்ட பதில்களைச் சொல்லியிருக்கிறாள். பிறகு இரண்டு பேராசிரியர்கள் தங்களுக்குள் வாதிடத் தொடங்கிவிட்டார்கள். யாரோ வாதிடுகிறார்கள், எதிரே கடிகாரம், கையில் பேனா. கை தானாக எழுதத் தொடங்கிவிட்டது. முள் பத்தாவது நிமிடத்தைத் தொட்டதும் உடம்பு எழுந்துவிட்டது.

"போச்சு. வாங்க போகலாம்" என்றாள்.

நான் வீராவேசமாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் அந்த வாசலில் இருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது. படிக்கட்டு வரை போய்விட்டோம். பின்னால் கதவு திறந்தது, அவர்களில் வயது குறைந்த பேராசிரியர் ஓடி வந்தார்.

"எங்கம்மா போறீங்க? உடம்பு சரியில்லையா?"

"இல்லை சார். பத்து நிமிஷம் ஆயிடுச்சு."

"பத்து நிமிஷம்னு யார் சொன்னா?"

கமா கைக்குட்டையை மறுபடி திரித்தாள். அப்புறம், "எங்க வேலையில அப்படித்தான் சார்" என்றாள். அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "எது உங்க வேலை? விண்ணப்பத்துல 'மற்றவை'ன்னுதானே இருந்தது? வாங்க, உள்ள வந்து சொல்லுங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

ஐம்பது நிமிடம் ஆயிற்று. நடுவில் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது, அதன் பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. முறையியல் பையன் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல பிள்ளை. அவனுக்கும் கிடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் சொன்னாள். எங்கள் தொழில்காரி சொல்வதால் வார்த்தை பிசகாது. பத்து நிமிடக் கணக்கை விளக்கியதும், தலைமை தாங்கிய பேராசிரியை, "அப்போ ஒரு விவாதம் எப்படி முடிஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார். பன்னிரண்டு வருடத்தில் ஒன்றுகூடத் தெரியாது என்றிருக்கிறாள். பிறகு வாய் திறந்துகொண்டது. பாலத்தைச் சொல்லியிருக்கிறாள். அமைச்சரைச் சொல்லியிருக்கிறாள். எட்டுப் பேரைச் சொல்லியிருக்கிறாள். கண்ணாடி போட்டவர் குறிப்பெடுத்தாராம். அவருக்கு வேகம் போதவில்லை என்று கமா குறைபட்டாள்.

"இதையெல்லாம் ஏன் கட்டுரையில எழுதலைன்னு கேட்டாங்கக்கா."

"நீ என்ன சொன்ன?"

"இடம் இல்லைன்னு சொன்னேன்."

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று மறுபடி கிளம்பியது. அப்போதே நான் சொல்லியிருக்கலாம். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, தட்டச்சு அறையில் அவள் திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்ப் பார்த்தேன். எடுத்துக்கொள்ளப்பட்ட நான்கு பேரில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. மேலதிகாரி வந்து கைகொடுத்தார். மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். கமா மகளுக்குப் போன் செய்தாள், கணவருக்குச் செய்தாள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, இவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எல்லோரும் கலைந்த பிறகு நான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பு வந்த நான்கு மறுப்பும் அவளுக்கு வந்தவை இல்லை, என் நான்கு பக்கத்துக்கு வந்தவை. அவள் ராத்திரி பகலாகச் சொறிந்துகொண்ட கழுத்து ஆறாமல் போனது என் பென்சிலால்.

"கமா, அந்தக் கட்டுரையை நான் வெட்டினது உனக்காக இல்லை. எனக்காக. அந்த அமைச்சர் பேச்சை எடுத்தது நான்தான். அது வெளிய வரக்கூடாதுன்னு வெட்டினேன்."

அவள் தட்டச்சை நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா."

"எப்போ தெரியும்?"

"கொடுக்கும்போதே தெரியும். அதனாலதான் உங்ககிட்ட கொடுத்தேன்." இப்போது கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "வேற யார்கிட்ட கொடுத்திருந்தாலும் அதை விட்டு வச்சிருப்பாங்க. எனக்கு அதை அப்படியே அனுப்பப் பயம். நானே வெட்டவும் மனசு வரலை. நீங்கன்னா கண்டிப்பா வெட்டிடுவீங்க."

இருபது வருடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரை ஏசியதைச் சலனமில்லாமல் எழுதியிருக்கிறேன். எனக்கு அன்று வந்த கோபம் அதற்கு முன்னால் வந்ததில்லை. மாதக்கணக்கில் குற்றவாளி மாதிரி அவள் எதிரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். இவள் எல்லாம் தெரிந்துகொண்டு, "நல்லாருக்குக்கா" என்று சொல்லியிருக்கிறாள். நான் எப்படிப்பட்டவள் என்று கணக்குப் போட்டு, அதை நம்பித் தன் பயத்தை என் கையில் கொடுத்திருக்கிறாள். அந்தக் கணக்கு சரியாகவும் இருந்திருக்கிறது. அதுதான் பொறுக்கவில்லை.

"ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீ என்கிட்ட கேட்டிருக்கலாமேடி. வெட்டாதீங்கன்னு" என்றேன்.

"கேட்டிருந்தா வெட்டாம இருந்திருப்பீங்களா?"